மதிப்பீட்டாளர் எழுதாத மூன்று குறிப்புகள்

அந்த மூன்று குறிப்புகளையும் எழுதியவள் நான்தான். தில்லியில் இருக்கும் எந்த அறிஞரும் எழுதவில்லை. கீரனூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், ஆராய்ச்சிப் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில், மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோன நேரத்தில் நான் அவற்றைத் தட்டச்சு செய்தேன். அச்செடுத்தேன். மடித்து ஓர் உறையில் போட்டு, என்னை அக்கா என்று அழைத்த ஒரு பெண்ணின் கையில் கொடுத்தேன்.

அவள் நம்பினாள். இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

உங்களிடம் ஏன் இதைச் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால் சொல்ல வாய் வருகிறது போலும். தெரிந்தவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். அது என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்... அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.

என் பெயர் சகாயமேரி. ஆவூர்க்காரி. பெரிய மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. தினமும் காலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் மாலையில் திரும்புகிறவள். என் வேலை என்னவென்று கேட்டால் என் வீட்டுக்காரருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆபீஸ் வேலை என்பார். பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்வதற்கு வெளியிலிருந்து நிதி வேண்டும். அதற்கு அரசுத் துறைகள் அறிவிப்பு விடும். எந்த அறிவிப்பு யாருக்குப் பொருந்தும் என்று தேடிச் சொல்வது, விண்ணப்பத்தை அவர்கள் கேட்கிற வடிவத்தில் எழுதவைப்பது, இணையதளத்தில் ஏற்றுவது, நிதி வந்தபின் அறிக்கை எங்கே அறிக்கை எங்கே என்று நச்சரிப்பது, இவ்வளவும் நான்தான். நச்சரிப்பதில் நான் கெட்டிக்காரி.

எதையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். முதல் தடவை கண்ணால், இரண்டாம் தடவை விரலை வைத்து, மூன்றாம் தடவை வாய்விட்டுப் படித்து. அதனால் பேராசிரியர்கள் எனக்கு 'மூணு தடவை மேரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் பெருமைதான். இது நடக்கும் வரை, பதினோரு ஆண்டுகளில் என் கை வழியாகப் போன ஒரு விண்ணப்பம்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. நிதி கிடைக்காமல் போயிருக்கும், அது அறிஞர்களின் தீர்ப்பு. தாள் சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. பயம் கெடுத்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்... பெருமையும்தான்!

இப்போது ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். எந்த விண்ணப்பத்தோடும் கல்லூரி முதல்வரின் சம்மதக் கடிதம் ஒன்று போக வேண்டும். இந்த ஆய்வை எங்கள் கல்லூரியில் செய்யச் சம்மதிக்கிறோம், ஆய்வகமும் இடமும் தருகிறோம் என்று முதல்வர் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். ஆனால் கடைசித் தேதி என்று ஒன்று வந்தால் அன்றைக்குத்தான் முதல்வர் திருச்சியிலோ சென்னையிலோ கூட்டத்தில் இருப்பார். பேராசிரியர்களோ கடைசித் தேதிக்கு முந்தைய நாள் வரை எழுத மாட்டார்கள். அதற்கு எங்கள் பழைய முதல்வர் ஒரு வழி வைத்திருந்தார். கல்லூரிப் பெயர் அச்சிட்ட வெற்றுத் தாள்கள் ஐந்தாறில் கீழே கையெழுத்தும் முத்திரையும் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார்.

"மேரி, பீரோவுல வச்சுப் பூட்டிக்கங்க. அவசரத்துக்கு மட்டும். வேற யாருக்கும் தெரிய வேணாம்" என்பார்.

தப்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள், இந்த வேலையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்களே தவிர இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்தத் தாள்களால் எத்தனையோ ஆய்வுகள் பிழைத்திருக்கின்றன. அப்படித்தான் எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்குச் சால்வை வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனவளே நான்தான். பீரோவில் அவர் கையெழுத்திட்ட தாள்கள் இரண்டு மிச்சம் இருந்தன.

என்னை அக்கா என்று அழைத்த அந்தப் பெண், கலைச்செல்வியைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன், கவனித்தீர்களா? சொல்கிறேன்.

தாவரவியல் துறையில் உதவிப் பேராசிரியை. குடுமியான்மலைக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊர். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள், ஆய்வுப் பட்டமும் வாங்கிவிட்டாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். முதல் வாரமே, "மேடமெல்லாம் வேணாம்க்கா, கலைன்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். மற்ற பேராசிரியர்கள் என் அறைக்குத் தேதி கேட்க வருவார்கள். அவள் கேள்வியோடு வருவாள்.

அவள் அப்பாவின் நிலத்தில் வெகுகாலம் யூகலிப்டஸ் என்கிற தைலமரம் நின்றது. எங்கள் மாவட்டத்தில் அது இல்லாத பக்கம் எது? மரத்தை வெட்டி, வேரையும் பறித்துவிட்டு அவர் வரகு விதைத்துப் பார்த்திருக்கிறார்.

"முளைக்குதுக்கா. ஆனா எந்திரிக்க மாட்டேங்குது. ஒரு சாண் வந்து அப்படியே நின்னுடுது" என்றாள் கலை. "அந்த மண்ணுக்குள்ள ஏதோ செத்துப்போச்சு. கண்ணுக்குத் தெரியாத உசுரு. எது செத்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். அத திரும்பக் கொண்டாந்து விட முடியுமான்னு பாக்கணும். அம்புட்டுதான் என் ஆராய்ச்சி."

அம்புட்டுதான்! எத்தனையோ விண்ணப்பங்களைப் படித்தவள் நான். அதைப் படித்தபோது இது கிடைக்கும் என்று என் மனது சொன்னது. இளம் ஆய்வாளர்களுக்கான திட்டம் அது. முப்பத்தைந்து வயது நிரம்பிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு முப்பத்து நான்கு. ஆண்டுக்கு இருமுறை அறிவிப்பு வரும். ஆக அவளுக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன. அவள் அப்பா அந்த நிலத்தை வேறொன்றும் போடாமல் மகளின் சோதனைக்காகச் சும்மா விட்டு வைத்திருந்தார்.

கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். புதிய முதல்வர் பொறுப்பேற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது, அன்று சென்னையில் இருந்தார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. கலை என் மேசைக்கு எதிரில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பீரோவைத் திறந்தேன்.

பழைய முதல்வரின் கையெழுத்திட்ட தாளில் சம்மதக் கடிதத்தை அச்செடுத்தேன். அன்றைய தேதியைப் போட்டேன். மூன்று தடவை சரிபார்த்தேன்... ஆம், மூன்று தடவை! தேதி சரி. கையெழுத்து தெளிவு. முத்திரை தெளிவு. கையெழுத்துப் போட்டவர் அந்தத் தேதியில் முதல்வரே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? சால்வை வாங்கியவளுக்குத் தெரியாதா? தெரியும். தேதியைத் தனியாகப் பார்த்தேன், கையெழுத்தைத் தனியாகப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இதற்கு மேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. கலைக்கு வரவில்லை, எனக்கு வந்தது. பேராசிரியர்கள் மின்னஞ்சலை ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள் என்று எல்லா விண்ணப்பத்திலும் எங்கள் பிரிவின் முகவரியைத்தான் கொடுப்பேன். கடவுச்சொற்களும் என் டைரியில்தான் இருக்கும். எதுவும் தவறிப்போகக் கூடாது என்று நான் செய்து வைத்த ஏற்பாடு.

விண்ணப்பம் மதிப்பீட்டுக்கு அனுப்பப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் கடிதத் தேதியில் நிறுவனத் தலைவராக இல்லை. ஏழு நாளுக்குள் தற்போதைய தலைவரின் கடிதத்தை ஏற்றினால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.

மின்னஞ்சலை மூடிவிட்டு, மறுபடி திறந்து படித்தேன்.

ஏழு நாள் என்பது எவ்வளவு நீளம் தெரியுமா உங்களுக்கு? ஒரு கையெழுத்துக்கு ஏழு நிமிடம் போதும். புதிய முதல்வரின் அறை என் அறையிலிருந்து இருபது அடி. ஆனால் அவர் வந்த அன்றைக்கே அலுவலகத்தாரை நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்: "எனக்குக் காட்டாம ஒரு கடுதாசி இங்கேருந்து வெளிய போகக் கூடாது. போச்சுன்னா யாரா இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." புதிய கடிதம் கேட்டால் பழைய கடிதம் எங்கே என்பார். பழைய கடிதத்தைக் காட்டினால் வெற்றுத் தாள்களின் கதை வெளியே வரும். ஓய்வு பெற்ற மனிதரின் பெயர் கெடும். என் வேலையோ ஒப்பந்த வேலை, ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிற கோப்பு அவருடைய மேசையில்தான் கிடந்தது. வீட்டுக்காரர் குவைத்திலிருந்து இடுப்பு வலியோடு திரும்பி வந்து கட்டிலில் இருந்தார். எத்தனை காரணம் பாருங்கள்! எல்லாம் உண்மை. ஆனாலும் எல்லாம் சாக்கு.

முதல் நாள், நாளைக்குச் சொல்லலாம் என்றேன். இரண்டாம் நாள் அவருக்குத் தலைவலி என்று உதவியாளர் சொன்னார், எனக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் நாள் ஞாயிறு. பூசையில் முழங்காலில் நின்றபடி, நாளைக்கு என்ன வார்த்தை சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நற்கருணை வாங்கக்கூட எழுந்து போகவில்லை.

நான்காம் நாள் உள்ளே போய்விட்டேன். கையில் அந்த மின்னஞ்சலின் அச்சு இருந்தது.

"சொல்லுங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"புதன்கிழமை அரைநாள் லீவு வேணும் சார்" என்றேன்.

அந்த விடுப்பு எனக்கு எதற்கும் தேவைப்படவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை மதியம் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையில் கலையைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு! தாவரவியல் துறை வழியாகப் போகாமல் சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் போனேன். அவள் என் அறைக்கு வந்தால் காதில் போனை வைத்துக்கொள்வேன், மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவளே முதல்வரிடம் போய் அழுது கையெழுத்து வாங்கியிருப்பாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல்கூட ஒரு வழி கண்டுபிடித்திருப்பாள், அவ்வளவு கெட்டிக்காரி. ஏன் சொல்லவில்லை? 'மூணு தடவை மேரி' தப்புப் பண்ணிவிட்டாள் என்று அவள் முகத்தில் வரப்போகிற ஒரு சின்ன மாற்றத்தை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. அதற்காகவா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகத்தான்.

ஏழாம் நாள் மாலை ஐந்து மணி அடித்து இரண்டு நிமிடம் கழித்து அந்த இணைப்பைத் தட்டிப் பார்த்தேன். காலம் முடிந்துவிட்டது என்று வந்தது. இனி நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. உடனே எனக்கு நன்றாகப் பசித்தது. கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்று இரண்டு வடை தின்றேன். அந்த வடையின் ருசிகூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, வெட்கக்கேடு.

ஒரு மாதம் கழித்துக் கலையிடம், "கிடைக்கலம்மா" என்றேன்.

அவள் கையிலிருந்த புத்தகத்தை என் மேசை ஓரத்தில் வைத்தாள். பிறகு, "கமெண்ட்ஸ் என்ன போட்டிருக்காங்கக்கா?" என்று கேட்டாள்.

மதிப்பீட்டாளர்கள் விண்ணப்பத்தைப் படித்துக் குறிப்பு எழுதுவார்கள். ஏன் வேண்டாம் என்று தெரிந்தால் அடுத்த முறை திருத்தி அனுப்பலாம். எந்த நல்ல ஆய்வாளரும் முதலில் கேட்பது அதைத்தான்.

"வரும்" என்றேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். "அடுத்த அறிவிப்பு வர்றப்ப எனக்கு வயசு இருக்குக்கா. என்ன கொறைன்னு தெரிஞ்சா இப்பவே உக்காந்து திருத்திருவேன்." பத்து நாள் விடாமல் வந்தாள். உண்மை என்னவென்றால் திருத்த அதில் எதுவுமே இல்லை. ஒருவரும் அதைப் படிக்கவேயில்லை! ஓர் எழுத்தையும் மாற்றாமல் அப்படியே மறுபடி அனுப்பியிருந்தால் போதும். அதை அறிந்த ஒரே ஆள் நான். நான்தான் அவளிடம் "இருங்கம்மா, கேட்டு எழுதியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் மதியம் எழுதினேன்.

எனக்கு அந்த மொழி தெரியும். வருடக்கணக்காக அப்படிப்பட்ட குறிப்புகளைப் படித்துப் படித்து அந்த ஆங்கிலம் எனக்கு மனப்பாடம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் குறிப்பு: ஆய்வுக் கேள்வி ஒரு வட்டாரத்தின் சிக்கலாகவே நின்றுவிடுகிறது, பரந்த பயன் காட்டப்படவில்லை. இரண்டாவது: முன்னோட்டத் தரவுகள் போதுமானவை அல்ல. இந்த இரண்டும் யாருடைய விண்ணப்பத்துக்கும் பொருந்துகிறவை. யாரையும் அதிகம் நோகடிக்காது என்று நினைத்தேன்.

மூன்றாவது: முன்மொழியப்பட்ட ஆய்வின் அளவுக்கு ஆய்வாளரின் திறன் ஈடாக இல்லை.

இதை ஏன் எழுதினேன்?

ஆளைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால் உண்மை போல இருக்காது என்று அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? தினமும் அவள் என் எதிரில் வந்து நிற்பது எனக்குத் தாங்கவில்லை. அவள் வருவது நிற்க வேண்டும் என்றுதான் எழுதினேன். எதை எழுதினால் நிற்பாள் என்று யோசித்தேன். சரியான இடம் தெரிந்தே அடித்தேன். குடும்பத்தில் முதலில் படித்து வந்த பெண்ணுக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி வந்தவள்தானே.

அவள் நின்றபடியே படித்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் ஆடியது, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை படித்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்கக்கா" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாள் அவள் வரவில்லை.

அடுத்த அறிவிப்பு வந்தபோது நானே அவளைத் தேடிப் போனேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அப்படியே போட்டுப் பார்க்கலாம் கலை, வேறு மதிப்பீட்டாளரிடம் போகும், வேறு மாதிரி சொல்வார்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அந்த அளவுக்கு நான் வரட்டும்க்கா, அப்பறம் போடுவோம்" என்றாள் அமைதியாக. அவளுடைய பிறந்த நாளுக்குத் துறையில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். வயது வரம்பு அன்றோடு முடிந்தது.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில், பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வரிசையில் நின்றேன். முறை வந்ததும், "பொய் சொன்னேன் சாமி" என்றேன்.

"எத்தனை தடவை?" என்று கேட்டார்.

"ஒரு தடவை."

'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். அவருக்குப் பாவம், என்ன தெரியும்? கோயில் வாசலுக்கு வருவதற்குள் மூன்றையும் சொல்லி முடித்துவிட்டேன். மன்னிப்பு கிடைத்தது என்று சொல்லமாட்டேன். நான் மன்னிப்புக் கேட்டது வேறு எதற்கோ என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு, அவள் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து என்று அழைத்தாள். போகாமல் இருக்கக் காரணம் தேடினேன், அகப்படவில்லை. குடுமியான்மலையில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துப் போனேன். சாப்பாடு முடிந்ததும் அவள் அப்பா எனக்குத் தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டையை அன்றைக்கென்று போட்டிருந்தார்.

இடுப்புயரத்துக்குத் தைலமரக் கன்றுகள். வரிசை வரிசையாக.

"பாப்பா கேட்டுச்சேன்னு ரெண்டு வருசமா எதுவும் போடாம வச்சிருந்தேன்" என்றார். "டெல்லியில வேணாம்னுட்டாங்களாம். அவங்க படிச்சவங்க, தெரிஞ்சுதான சொல்லுவாங்க. சும்மா கெடந்து என்ன பண்ண? திரும்ப இதையே வச்சுட்டேன்."

நான் குனிந்து ஒரு கன்றின் இலையைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீங்கதான் ஆபீஸ்ல பாப்பாவுக்கு ரொம்ப ஒத்தாசையாம். வீட்ல எப்பயும் ஒங்க பேச்சுதான்" என்று சொல்லி, திரும்பி வரும்போது ஒரு பை நிறையக் கடலை கொடுத்தார். அந்தக் கடலையை நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

வருடங்கள் போயின. என் வேலை நிரந்தரமானது. புதிய முதல்வரே பரிந்துரை எழுதினார். இவர் கை வழியாகப் போன எந்த விண்ணப்பமும் குறை சொல்லித் திரும்பியதில்லை என்று அதில் ஒரு வரி. அந்தத் தாளை அவர் எதிரிலேயே நின்று மூன்று தடவை படித்தேன். சந்தோஷத்தில் படிக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கலை நல்ல ஆசிரியை என்று பெயர் வாங்கினாள். ஆராய்ச்சிப் பக்கம் போகவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், இந்த ஆண்டு எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவளைத்தான் ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். இப்போது அவள் எனக்கு மேலதிகாரி. என் மேசைக்கு அடுத்த அறை அவளுடையது.

நேற்று, சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு விண்ணப்பம் எழுதப் பயிற்சி வைத்தாள். நான் கடைசி வரிசையில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பகுதியில் திரையில் ஒரு தாள் வந்தது. நான் அச்செடுத்த தாள். மடிப்புக் கோடுகள்கூடத் தெரிந்தன.

"இது எனக்கு வந்த கமெண்ட்ஸ்" என்றாள். "அன்னைக்கு அழுதேன். இன்னைக்குச் சொல்றேன், என்னைப் பத்தி இம்புட்டு நேர்மையா யாரும் சொன்னதில்ல. இந்த மூணாவது பாயிண்ட நல்லா பாருங்க. எழுத உக்கார்றதுக்கு முன்னாடி நம்ம அளவு என்னன்னு நமக்குத் தெரியணும்."

பதிவேட்டைத் திறந்து வராதவர்களின் பெயருக்கு எதிரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்கு இரண்டு தடவை போட்டேன்.

ராஜ்குமார் என்று ஓர் ஆசிரியர், வேதியியல். அவருடைய ஊர்க் கண்மாய்த் தண்ணீரில் ஏன் மீன் செத்து மிதக்கிறது என்று ஆராய ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கலை அதைப் பொறுமையாகப் படித்தாள். அவளுக்கு யாரையும் அதட்டத் தெரியாது.

"நல்லாருக்கு சார். ஆனா ஒங்க ஊர்ப் பிரச்சினையாவே நின்னுடுதே" என்றாள். "ஒங்களுக்கும் இது முதல் ப்ராஜெக்ட். கொஞ்சம் பெரிசாப் போயிட்டோமான்னு யோசிங்க."

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது ராஜ்குமார் என் மேசைக்கு வந்தார். "இந்தத் தடவை அப்ளை பண்றவங்க லிஸ்ட்லேருந்து என் பேர எடுத்துருங்க மேடம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

என் அறைக்குப் போனேன். அந்தப் பழைய மின்னஞ்சலை நான் அழிக்கவில்லை. ஒரு தனிக் கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியாது. அதை அச்செடுத்தேன். கைப்பையில் வைத்தேன். கலையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"கலை, அந்தத் தாள் என்னோடது" என்றேன்.

"ஆமாக்கா, நீங்கதானே பிரிண்ட் எடுத்துக் குடுத்தீங்க."

"பிரிண்ட் மட்டும் இல்ல. அத எழுதுனதே நான். டெல்லிலேருந்து கமெண்ட்ஸே வரல. ஒன்னோடத யாரும் படிக்கவே இல்ல. கடுதாசி தப்பாப் போச்சு. தப்புப் பண்ணுனது நான். பயந்துக்கிட்டு ஒங்கிட்ட மறைச்சுட்டேன்."

சொல்லிவிட்டேன்! இத்தனை வருடமாக மறைத்தது வெளியே வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் சிரித்தாள்.

"ராஜ்குமார் சார் மூஞ்சி வாடிப்போனதப் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். "ஒங்களுக்கு யாரு மனசும் நோகக் கூடாது."

"இல்ல கலை, சத்தியமா..."

"அக்கா." எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். "அந்த மூணாவது பாயிண்ட்ட நீங்க எழுத முடியாதுக்கா. ஒங்களுக்கு எம் மேல அம்புட்டு பாசம். அத எழுதுனவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. அதனாலதான் உண்மையச் சொன்னாங்க."

என் கை கைப்பைக்குள் இருந்தது. தாளின் ஓரம் விரலில் பட்டது. வெளியே எடுத்து மேசையில் வைத்தால் போதும். தேதி இருக்கிறது, அனுப்பியவர் முகவரி இருக்கிறது, ஏழு நாள் என்ற வரி இருக்கிறது. அவள் நம்பித்தான் ஆக வேண்டும்.

எடுக்கவில்லை.

சொல்லக் கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். அந்த நிமிடம் எனக்குள் வந்தது நிம்மதி. அவள் நம்பவில்லை, தப்பித்தேன் என்று ஒரு நிம்மதி! விண்ணப்பம் கெட்டது அவசரத்தில். ஏழு நாளை வீணடித்தது பயத்தில். அந்த மூன்று குறிப்புகள் கோழைத்தனத்தில். நேற்றைக்கு என்ன அவசரம்? எனக்கு வேலை நிரந்தரம். பழைய முதல்வர் காலமாகிவிட்டார். யாருக்குப் பயந்து அந்தத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்?

அவள் பாசத்துக்குப் பயந்து என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கை இல்லை.

அவள் இரண்டு டீ வரவழைத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். வீட்டுக்காரரின் இடுப்பு வலியைப் பற்றி விசாரித்தாள். நான் பதில் சொன்னேன்.

இன்று ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை காலை போனதும் முதல் வேலை, ராஜ்குமாரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது. எடுத்த பிறகு மூன்று தடவை சரிபார்ப்பேன்.